மண் முதலில், செடி பிறகு: சேலத்திலும் ஏற்காட்டிலும் வேனிற்காலத் தோட்ட வேலை

மாசி மாதம் பாதியைக் கடந்துவிட்டால் சேலத்தில் அதிகாலைக் குளிர் தணிந்து, வேப்பமரங்கள் பழுத்த இலைகளை உதிர்த்துச் செந்தளிர் விடத் தொடங்குகின்றன. நர்சரிகளில் ஆள் நடமாட்டம் கூடுவதும் அந்த நாட்களில்தான். நீர் தெளித்த கறுப்புப் பைகளின் வரிசைகளுக்கு நடுவே நடந்து, ஈரச் செம்மண்ணின் வாசனையை முகர்ந்தபடி, ஒவ்வொரு குருத்தையும் குனிந்து பார்க்கும் அந்த ஒரு மணி நேரத்திற்காக நான் ஆண்டுதோறும் காத்திருக்கிறேன். ஏற்காடு மலையடிவாரத்தை ஒட்டிய கன்னங்குறிச்சிப் பக்கத்தில் எங்கள் வீட்டைச் சுற்றி ஏறத்தாழ 3 சென்ட் இடத்தில் தோட்டம் வைத்திருக்கிறேன். மலைமேல் என் சித்தப்பா வீட்டு முற்றத்திலும் பல ஆண்டுகள் பாத்தி போட்டுப் பழகியிருக்கிறேன். இரண்டு இடங்களிலும் பட்டுத் தெரிந்துகொண்டதை, முதன்முறையாகத் தோட்டம் போட நினைப்பவர்களுக்காக இங்கே எழுதுகிறேன்.

நம்மில் பலர் செடியை வாங்கி வந்து சுவரோரம் வைத்த பிறகுதான் மண்வெட்டியைத் தேடுகிறோம். பாத்தி தயாராவதற்குள் நான்கைந்து நாட்கள் ஓடிவிடுகின்றன. அதற்குள் அந்தச் சிறிய பை வெயிலில் சூடேறி, வேர் வெந்து, செடி தலை சாய்ந்துவிடுகிறது. ஆகவே மாசியில் மண்ணைப் பார்ப்பது, பங்குனியிலும் சித்திரையிலும் பாத்தியையும் குழியையும் ஆறப்போடுவது, இடையில் நர்சரிக்குப் போய்ச் செடியைத் தேர்ந்தெடுப்பது, மழை தலைகாட்டிய பிறகு நிலத்தில் நடுவது என்ற வரிசையை நான் மாற்றுவதில்லை. பழந்தமிழர் இளவேனில் என்று வகுத்த சித்திரையும் வைகாசியும் நம் ஊரில் கடும் வெயிற்காலம் என்பதால், குளிர்நாட்டு நூல்களில் வசந்தகால நடவுக்குச் சொல்லப்படும் அறிவுரைகளை அப்படியே இங்கே கடைப்பிடிக்க முடியாது.

மலையும் சமவெளியும்

சேலம் நகரம் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஏற்காடு ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஒரு மணி நேரத்தில் மேலே போய்விடுகிறோம் என்றாலும், 1,000 மீட்டர் ஏறினால் வெப்பம் சுமார் 6 டிகிரி குறையும் என்ற பொதுக்கணக்கின்படி இரண்டு ஊர்களுக்கும் இடையே 7 அல்லது 8 டிகிரி வேறுபாடு நிற்கிறது. சேலத்தில் 39, 40 டிகிரி அடிக்கும் நாளில் மேலே செடிகள் 30 டிகிரியைத்தான் ஒட்டிப் பார்க்கின்றன. செடிக்கு இந்த வேறுபாடு வாழ்வா சாவா என்பதைத் தீர்மானிக்கும் அளவுக்குப் பெரியது.

என் அத்தை ஒரு மே மாதம் ஏற்காட்டிலிருந்து ஹைட்ரேஞ்சியா செடி ஒன்றை மடியில் வைத்துக்கொண்டே பேருந்தில் இறங்கி வந்தார். கைப்பந்து அளவுக்கு நீலப் பூங்கொத்து. தெருவே வந்து பார்த்தது. கிழக்குப் பார்த்த வாசலில் வைத்து, தினமும் இரண்டு வேளை நீர் விட்டார். மூன்றாம் நாள் மதியம் இலைகள் நனைந்த துணிபோலத் தொங்கின. பத்தாம் நாள் இலை விளிம்புகள் கருகின. பிழைத்து நின்ற ஒரு கிளையில் அடுத்த ஆண்டு தையில் வந்த பூ சிறுத்து, வெளிர் இளஞ்சிவப்பாக இருந்தது. அந்தச் செடி புளிப்பு மண்ணில் அலுமினியத்தை உறிஞ்சினால் நீலமாகவும், கார மண்ணில் அது கிடைக்காதபோது இளஞ்சிவப்பாகவும் பூக்கும் இயல்புடையது. மலையின் மண் புளிப்பு என்பதையும் எங்கள் வீட்டு மண்ணும் நீரும் காரம் என்பதையும் அந்தப் பூ நிறத்தாலேயே சொல்லிவிட்டது. அடுத்த சித்திரையில் செடி போய்விட்டது.

ஹைட்ரேஞ்சியா, ஃபியூசியா, ஜெரேனியம், டாலியா, அசேலியா ஆகியவற்றை மலையில் வீடு உள்ளவர்கள் மகிழ்ச்சியோடு வாங்கலாம். சேலத்தில் இருப்பவர்கள் அவற்றை அங்கேயே பார்த்து மகிழ்ந்துவிட்டு வருவது நல்லது. சமவெளிக்கு ஏற்றவை வேறு: குண்டுமல்லி, முல்லை, ஜாதிமல்லி, நந்தியாவட்டை, செம்பருத்தி, இட்லிப் பூ, கனகாம்பரம், அரளி, பன்னீர் ரோஜா. பனமரத்துப்பட்டிப் பக்கம் போனால் அரளியும் மல்லியும் வயல்வயலாக நிற்பதைக் காணலாம். நம் மண்ணும் வெயிலும் எதை ஏற்கும் என்பதற்கு அந்த வயல்களே சான்று. அரளியின் எல்லாப் பாகங்களும் நஞ்சு என்பதால், குழந்தைகளோ ஆடுமாடுகளோ இருக்கும் வீட்டில் வேலியோரம் எட்டாத இடத்தில் மட்டும் அதை வைக்க வேண்டும்.

மண்ணை அறிதல்

சேலம் மாவட்டத்தில் செம்மண்ணே மிகுதி. செம்மண் நீரை எளிதில் வடியவிடும். ஆனால் மக்கு குறைவு, தழைச்சத்து குறைவு. நகரின் வடக்குப் புறத்தில் வெள்ளைக்கல் (மாக்னசைட்) வெட்டி எடுக்கும் குன்றுகளை ஒட்டிய பகுதிகளிலோ மண்ணில் மெக்னீசியம் மிகுந்து காரத்தன்மை ஏறியிருக்கும். வேறு சில இடங்களில் ஓரடிக்குக் கீழே சுக்கான் எனப்படும் சுண்ணாம்புக் கல் அடுக்கு தட்டுப்படும். புதிதாகக் கட்டிய வீடாக இருந்தால் மேல்மண்ணில் சிமெண்டுப் பொடியும் செங்கல் தூளும் கலந்திருக்கும். இவற்றில் உங்கள் வீட்டு மண் எந்த வகை என்று தெரியாமல் உரம் வாங்குவது வீண் செலவு.

கடப்பாரையால் ஓரடி ஆழத்திற்கு ஒரு குழி தோண்டி, அதை நீரால் நிரப்பி முழுவதும் வடியவிடுங்கள். பிறகு மறுபடி நிரப்பி நேரத்தைக் கவனியுங்கள். இரண்டு மூன்று மணி நேரத்திற்குள் வடிந்தால் நல்ல மண். காலையில் விட்ட நீர் மாலை வரை நின்றால் அங்கே மல்லியும் ரோஜாவும் வேரழுகிப் போகும், மேட்டுப்பாத்தி போட்டே ஆகவேண்டும். அடுத்ததாக, அடிமண்ணில் ஒரு கைப்பிடி எடுத்து உலர்த்தி, அதன்மேல் சமையலறை வினிகரைச் சில துளிகள் விடுங்கள். எங்கள் வீட்டில் மேல்மண் சலனமின்றி இருந்தது. ஒன்றரை அடி ஆழத்து மண்ணோ சோடா ஊற்றியதுபோலப் பொசுபொசுவென்று நுரைத்தது. அந்த நுரை சுண்ணாம்பின் அடையாளம். ஆனால் வெள்ளைக்கல் குளிர்ந்த வினிகரில் அப்படி நுரைக்காது. ஆகவே அந்தக் குன்றுகளுக்கு அருகில் வசிப்பவர்கள், நுரை வரவில்லை என்பதை வைத்து மண்ணில் காரம் இல்லை என்று முடிவுகட்டிவிடக் கூடாது.

ஐயம் தீர வேண்டுமானால் மண்பரிசோதனையே வழி. தோட்டத்தில் ஐந்தாறு இடங்களில், மேலிருக்கும் சருகை விலக்கிவிட்டு, 15 சென்டிமீட்டர் ஆழத்திற்கு ஆங்கில வி எழுத்தின் வடிவில் வெட்டி, ஓரத்து மண்ணை மேலிருந்து கீழாகச் சீவி எடுத்து, ஒன்றாகக் கலந்து, நிழலில் உலர்த்தி, அரைக் கிலோ அளவுக்குத் துணிப்பையில் கட்டிக் கொடுக்க வேண்டும். சந்தியூரில் உள்ள வேளாண் அறிவியல் நிலையத்தில் இதுபற்றிக் கேட்டு வழிகாட்டுதல் பெறலாம். எருக்குழி இருந்த இடத்திலும் வரப்போரத்திலும் மரத்தடியிலும் மாதிரி எடுக்காதீர்கள்.

பாத்தியும் குழியும்

பாத்தியின் அகலம் 4 அடிக்கு மேல் போகக் கூடாது. இருபுறமும் நின்று கையை நீட்டினால் நடுப்பகுதி எட்ட வேண்டும். பாத்திக்குள் ஒருமுறைகூடக் கால் வைக்க நேரக் கூடாது என்பதே இந்த அளவின் நோக்கம். கால் பட்டு இறுகிய செம்மண் கோடையில் செங்கல்லைப் போல ஆகிவிடும். நீளம் உங்கள் இடத்தைப் பொறுத்தது. இரண்டு பாத்திகளுக்கு நடுவே ஒன்றரை அடி நடைபாதை விடுங்கள். வடிகால் குறைந்த இடத்தில் பாத்தியை 6 முதல் 9 அங்குலம் உயர்த்துங்கள். மணற்பாங்கான, நீர் சீக்கிரம் வடியும் இடத்தில் அதற்கு நேர்மாறாகப் பாத்தியைத் தரைமட்டத்திலேயே வைத்து ஓரத்தில் வரப்பு கட்டினால் நீர் மிச்சமாகும். மேட்டுப்பாத்தி நாகரிகமாகத் தெரிகிறது என்பதற்காக எல்லா இடத்திலும் அதைப் போடுபவர்கள் சித்திரையில் இரண்டு மடங்கு நீர் இறைக்க நேரிடுகிறது.

முதல் நாள் இடத்தை நன்றாக நனைத்துவிட்டு, மறுநாள் மண் புட்டுப் பதத்தில் இருக்கும்போது கொத்த வேண்டும். சேறாக இருக்கும்போது கொத்தினால் கட்டி தட்டிவிடும். காய்ந்த நிலத்தில் கொத்தினால் மண்வெட்டிதான் மழுங்கும். ஓரடி ஆழம் கொத்தி, கோரைக் கிழங்கையும் அருகம்புல் வேரையும் கையால் பொறுக்கி எடுங்கள். கோரைக் கிழங்கு ஒன்று தங்கினாலும் ஆவணிக்குள் பாத்தி முழுவதும் பரவிவிடும். அதனால் இந்த ஒரு வேலையை மட்டும் நான் கூலியாளிடம் விடாமல், முக்காலி போட்டு உட்கார்ந்து நானே செய்கிறேன்.

கொத்திய மண்ணை உடனே உரமிட்டு மூடிவிட வேண்டாம். சித்திரைப் புழுதி பத்தரை மாற்றுத் தங்கம் என்று நம் உழவர்கள் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது: புரட்டிப் போட்ட மண்ணில் வெயில் இறங்கும்போது பூச்சிகளின் கூட்டுப்புழுக்களும் களைவிதைகளும் நோய்ப்பூஞ்சைகளும் பெருமளவு மடிகின்றன, கோடைமழை வந்தால் நீர் வழிந்தோடாமல் உள்ளே இறங்குகிறது. இதையே இன்னும் கடுமையாகச் செய்யலாம். மண்ணைச் சமன்செய்து, நன்றாக நனைத்து, நிறமற்ற மெல்லிய பாலித்தீன் தாளை இறுக்கமாக விரித்து, நான்கு ஓரங்களையும் மண்ணுக்குள் புதைத்து 4 முதல் 6 வாரம் விட்டுவிட வேண்டும். கறுப்புத் தாள் வெயிலைத் தானே வாங்கிக்கொள்ளும். வெயில் ஊடுருவி மண்ணைச் சுடவைக்க நிறமற்ற தாளே வேண்டும். கனகாம்பரம், தக்காளி, கத்தரி ஆகியவற்றின் வேரில் முடிச்சு முடிச்சாக வீக்கம் கண்டவர்கள் இதைக் கட்டாயம் செய்யுங்கள். அந்த முடிச்சுகளுக்குக் காரணமான நூற்புழு மேல்மண்ணில் வெகுவாகக் குறையும். அடுத்த பருவத்தில் அங்கே துலுக்கச் சாமந்தி போட்டால் அது மேலும் கட்டுக்குள் வரும்.

செடிகளுக்கும் மரங்களுக்கும் குழி வேண்டும். மல்லிக்கு நீளம், அகலம், ஆழம் மூன்றும் 1 அடி; ரோஜாவுக்கும் கொய்யாவுக்கும் ஒன்றரை அடி; எலுமிச்சைக்கு இரண்டரை அடி; மாவுக்கு 1 மீட்டர். தோண்டும்போது மேல்பாதி மண்ணை ஒருபுறமும் கீழ்ப்பாதி மண்ணை மறுபுறமும் போடுங்கள். குழியை இரண்டு வாரமாவது வெயிலில் ஆறவிட்டு, மேல்மண்ணோடு மக்கிய தொழு உரத்தையும் ஒரு கைப்பிடி வேப்பம்புண்ணாக்கையும் கலந்து அதை முதலில் நிரப்புங்கள். சுக்கான் கலந்த அடிமண்ணாக இருந்தால் அதைக் குழிக்குத் திருப்பிப் போடாமல் நடைபாதையில் பரப்பிவிட்டு, வெளியிலிருந்து நல்ல செம்மண் கொண்டுவந்து நிரப்புவது நல்லது. நிரப்பிய குழி ஒரு சாண் உயர்ந்திருக்க வேண்டும். இரண்டு முறை நீர் விட்டால் தானாக அமுங்கித் தரைமட்டத்திற்கு வந்துவிடும். அமுங்குவதற்கு முன்பே நட்டால் செடியும் சேர்ந்து அமிழும், ஒட்டுக் கட்டிய இடம் மண்ணுக்குள் போய்விடும்.

எருவைப் பற்றிச் சில சொற்கள். 4 அடி அகலமும் 10 அடி நீளமும் உள்ள பாத்திக்கு 15 முதல் 20 கிலோ மக்கிய தொழு உரம் போதும். கையில் எடுத்தால் பொலபொலவென்று உதிர வேண்டும், சாண வாடை வீசக் கூடாது. வாடை வீசும் பச்சைச் சாணம் வேரைச் சுட்டுவிடும், கறையானையும் வரவழைக்கும். ஒரு கிலோ எருவுக்கு 50 கிராம் வீதம் டிரைக்கோடெர்மா விரிடி என்ற நன்மை செய்யும் பூஞ்சைத் தூளைக் கலந்து, ஈரச்சாக்கால் மூடி ஒரு வாரம் நிழலில் வைத்திருந்து இட்டால் வேரழுகல் குறையும். நம் ஊரில் ஜவ்வரிசி ஆலைகளிலிருந்து குச்சிக்கிழங்குத் திப்பி (மரவள்ளிச் சக்கை) மலிவாகக் கிடைக்கிறது என்று சிலர் அதைப் பச்சையாகவே பாத்தியில் கொட்டுகிறார்கள். அது புளித்துச் சூடேறி வேரைக் கெடுக்கும். சாணக்கரைசல் தெளித்துச் சருகோடு அடுக்கி, முழுவதும் மக்கிய பிறகு போட்டால் நல்ல உரம். மலையில் இருப்பவர்களுக்குக் காபித் தொலி கிடைக்கிறது. அதையும் மக்கவைத்தே பயன்படுத்த வேண்டும்.

இவ்வளவு செய்தும் கார மண்ணில் சில செடிகளின் இளம் இலைகள் மஞ்சளாகி, நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். அது இரும்புச்சத்துக் குறைபாடு. நாட்டுமருந்துக் கடையிலும் உரக்கடையிலும் கிடைக்கும் அன்னபேதியை ஒரு லிட்டர் நீருக்கு 5 கிராம் வீதம் கரைத்து மாலையில் இலைமேல் தெளித்து, 15 நாள் இடைவெளியில் மீண்டும் தெளித்தால் பச்சை திரும்பும். கார மண்ணில் இட்டால் அது வேருக்குக் கிடைக்காமல் முடங்கிவிடும் என்பதால் இலைவழியே கொடுப்பதுதான் பயன் தரும்.

செடி வாங்கும் நாள்

பாத்தியில் தாள் விரித்துவிட்டுக் காத்திருக்கும் அந்த வாரங்கள்தான் நர்சரிக்குப் போகத் தகுந்த காலம். காலை 8 மணிக்குள் போங்கள். அப்போதுதான் நீர் விட்டிருப்பார்கள். ஆட்களுக்கு நின்று பேச நேரம் இருக்கும். மதியம் 2 மணிக்கு எந்தச் செடியும் வாடித்தான் நிற்கும், அதை வைத்து நலிந்ததா நலமா என்று பிரித்தறிய முடியாது. கையில் ஒரு பட்டியலும் இன்ச் டேப்பும் இருக்கட்டும். எந்தப் பாத்திக்கு எத்தனை செடி என்று எழுதிக்கொண்டு போனால்தான், பூத்துக் குலுங்கும் வரிசைகளுக்கு நடுவே மனம் நிலைகொள்ளும்.

முதல் சில ஆண்டுகள் நான் பூவைப் பார்த்தே வாங்கினேன். அந்தப் பழக்கத்தை மாற்றியவர் அடிவாரப் பக்கத்து நர்சரி ஒன்றில் வேலை செய்த ஒரு வயதான அம்மா. நிறையப் பூத்திருந்த செம்பருத்தி ஒன்றை நான் எடுத்தபோது, அதை என் கையிலிருந்து வாங்கி, பையின் அடியை உள்ளங்கையில் தட்டிப் பாதி உருவிக் காட்டினார். பழுப்பு நிறத்தில் வேர் வளையல்போலச் சுற்றிச் சுற்றிக் கிடந்தது, மண்ணே தெரியவில்லை. "பூவப் பாத்து எடுக்காதீங்க கண்ணு, அடியப் பாத்து எடுங்க" என்று சொல்லி, பக்கத்து வரிசையிலிருந்து பூவே இல்லாத, ஒன்றரை அடி உயரமுள்ள ஒரு செடியைக் கொடுத்தார். அதன் வேர் வெண்மையாக, மண்ணைப் பிடித்துக்கொண்டு, பையின் ஓரத்தை அப்போதுதான் தொட்டிருந்தது. 11 ஆண்டுகளாக அந்தச் செம்பருத்தி எங்கள் வீட்டு வாசலில் பூக்கிறது.

அடியைப் பார்ப்பது என்றால் இதுதான்: பையின் துளைகள் வழியே தடித்த வேர் வெளியேறித் தரைக்குள் இறங்கியிருந்தால் வேண்டாம், பிடுங்கும்போது அந்த வேர் அறுந்துவிடும். தண்டைப் பிடித்து மெல்ல ஆட்டினால் மண்கட்டியும் சேர்ந்து ஆட வேண்டும். தண்டு மட்டும் தனியாக ஆடினால் நேற்றுதான் பைக்கு மாற்றியிருக்கிறார்கள். இலையின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்த்து, குருத்தில் அசுவினியும் கணுக்களில் பஞ்சுபோன்ற மாவுப்பூச்சியும் ரோஜா இலையில் செம்பேனின் மெல்லிய வலையும் இல்லை என்று உறுதிசெய்யுங்கள். ஒரு செடியில் வரும் மாவுப்பூச்சி இரண்டு மாதத்தில் தோட்டம் முழுவதும் பரவிவிடும்.

கெட்டியான செங்களிமண் உருண்டையில் வரும் செடிகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஆந்திரத்தின் கடியம் பகுதியிலிருந்து லாரிகளில் வரும் செடிகள் பல இப்படித்தான் இருக்கின்றன. தூரப் பயணத்திற்கு அந்த உருண்டை பாதுகாப்பு. ஆனால் அப்படியே நட்டால் வெளிமண்ணில் விடும் நீர் அதற்குள் இறங்காது, வேரும் வெளியே வராது. ஓராண்டு கழித்துப் பிடுங்கிப் பார்த்தாலும் உருண்டை உருண்டையாகவே இருக்கும். ஒரு வாளி நீரில் அரை மணி நேரம் ஊறவைத்து, வெளிப்புறக் களிமண்ணை விரலால் மெல்லக் கரைத்து, வேர்நுனி தெரிந்த பிறகு நடுங்கள்.

ரோஜாவில் பெரிய பூ விடும் ஒட்டு ரகங்கள் சேலத்துக் கோடையில் சிறுத்துவிடும். மலையில்தான் அவற்றின் அழகு முழுமை பெறும். சமவெளிக்குப் பன்னீர் ரோஜாவும் ஆந்திரச் சிவப்பு ரோஜாவும் ஏற்றவை, போத்து வைத்தே வளர்க்கலாம். கனகாம்பரத்தில் டெல்லி ரகம் விதை பிடிக்காது, கிளை வெட்டிப் பதியம் போட்டுத்தான் பெருக்குவார்கள். ஆகவே அதன் விதை என்று யாராவது கொடுத்தால் வாங்க வேண்டாம்.

மாங்கன்றுக்கு ஒட்டே உயிர். நான் பல ஆண்டுகளுக்கு முன்பு ஒரு நர்சரியில் இமாம்பசந்து என்று வாங்கிய கன்றில் ஒட்டுப் பட்டை முழுவதும் கூடியிருக்கவில்லை. மேற்கிளை காய்ந்துபோனதையும், ஒட்டுக்குக் கீழிருந்து வேறொரு தளிர் எழுந்து மரமானதையும் கவனிக்காமல் ஆறு ஆண்டுகள் நீர் வார்த்தேன். காய்த்தது நார் மிகுந்த புளிப்பு மாங்காய். அந்த இழப்பு யாருக்கும் நேர வேண்டாம் என்பதால் அழுத்திச் சொல்கிறேன்: ஒட்டுப் போட்ட இடம் மண்ணிலிருந்து ஒரு சாண் உயரத்தில் இருக்க வேண்டும், தழும்பு முழுவதும் கூடி இரு தண்டும் ஏறத்தாழ ஒரே பருமனாக இருக்க வேண்டும், ஒட்டுக்கு மேல் இரண்டு முறையாவது புதுத்தளிர் விட்டிருக்க வேண்டும், கட்டிய பிளாஸ்டிக் நாடா தண்டை அறுத்துக்கொண்டிருக்கக் கூடாது. நட்ட பின் ஒட்டுக்குக் கீழே வரும் எந்தத் தளிரையும் உடனே கிள்ளிவிடுங்கள். சேலம் குண்டு, மல்கோவா போன்ற நம் மாவட்டத்துப் பெருமைக்குரிய ரகங்களுக்கு, கல்வராயன் மலையில் கருமந்துறையில் இருக்கும் அரசு தோட்டக்கலைப் பண்ணை போன்ற இடங்களில் விசாரித்து வாங்கினால் ரகத்தைப் பற்றிய கவலை குறையும்.

வாங்கிய செடிகளை வண்டியின் பின்னால் காற்றில் அலைய விடாமல், பைகளை நெருக்கி நிற்கவைத்து, ஈரச்சாக்கைச் சுற்றிக் கொண்டுவர வேண்டும். வீட்டில் பாதி நிழல் விழும் இடத்தில் நிறுத்தி, தினம் சிறிது சிறிதாக வெயிலுக்குப் பழக்குங்கள். குழி தயாராக இருந்து, நீரும் நிழல் மூடாக்கும் உறுதியாக இருந்தால் மல்லி, நந்தியாவட்டை, அரளி ஆகியவற்றைப் பங்குனியிலேயே நடலாம். மற்றவற்றைச் சற்றுப் பெரிய பைக்கு மாற்றி ஆனிக் கடைசி வரை வேப்பமர நிழலில் வைத்திருந்து, ஆடியில் நடுவதையே நான் விரும்புகிறேன். அவரை, பீர்க்கு, புடலை, பூசணி விதைகளுக்கும் ஆடிப்பட்டமே உரியது. கோடையில் பாத்தியை வெறுமையாக விட மனமில்லாதவர்கள் கொத்தவரையும் வெண்டையும் தண்டுக்கீரையும் விதைக்கலாம், அல்லது சணப்பைத் தூவிப் பூ எடுக்கும் தருணத்தில் மடக்கிக் கொத்தி மண்ணுக்கே உணவாக்கலாம்.

மலையில் வேலை

ஏற்காட்டில் பங்குனி, சித்திரையில் முதல் மழை விழுந்து எட்டு ஒன்பது நாட்களில் காபிச் செடிகள் ஒரே நாளில் வெள்ளை வெளேரென்று பூத்துவிடும். மல்லிகையை நினைவூட்டும் அந்த வாசனை மலைச்சரிவு முழுவதும் நிற்கும் இரண்டு மூன்று நாட்களில், செடி வாங்கும் சாக்கில் ஒருமுறையாவது மேலே போய்வாருங்கள். 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் காபியை இந்த மலைக்குக் கொண்டுவந்ததாக வரலாறு சொல்கிறது. வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையமும் அங்கேயே இருப்பதால் மிளகு, காபி நாற்றுகளைப் பற்றி நேரில் கேட்டறியலாம். மே மாதக் கோடை விழாவில் அண்ணா பூங்காவின் மலர்க்கண்காட்சியைப் பார்த்தால் எந்தப் பூ எந்த நிறத்தில் வேண்டும் என்பது மனத்தில் தெளிவாகும்.

மலைப்பாத்தியில் நீர் அரிப்பே முதற்பகை. சரிவுக்குக் குறுக்காக, ஒரே மட்டத்தில், கல்லடுக்கிப் படிப்படியாகப் பாத்தி அமைத்து, மேற்புறம் ஒரு சிறு வாய்க்கால் வெட்டி மழைநீரைப் பக்கவாட்டில் திருப்பிவிட வேண்டும். மண் புளிப்பாக இருப்பதால் அங்கே சுண்ணாம்பு அல்லது டோலமைட்டை மண்பரிசோதனை சொல்லும் அளவுக்கு இடுவது வழக்கம். ஹைட்ரேஞ்சியாவும் அசேலியாவும் வைக்கும் பாத்தியில் மட்டும் அதைத் தவிர்த்துவிடுங்கள். சித்திரையில் குழி எடுத்து, ஆனி மழையோடு நடுவது அங்கே பொருத்தம்.

ஆர்க்கிட் வாங்க விரும்புபவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஏற்காட்டில் இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் தேசிய ஆர்க்கிட் தோட்டம் 1963 முதல் இருக்கிறது; அங்கே போய் அவை மரத்தில் எப்படி வேர் பற்றி வாழ்கின்றன என்பதைப் பாருங்கள். காட்டு மரத்திலிருந்து பிய்த்தெடுத்துச் சாலையோரம் விற்கப்படும் ஆர்க்கிட்டை வாங்காதீர்கள். வேர் அறுந்த அது உங்கள் வீட்டிலும் வாழாது, மலைக்கும் திரும்பப் போவதில்லை. நர்சரியில் வளர்த்த செடியாக வாங்கினால் தேங்காய் மட்டைத் துண்டிலும் கரியிலும் வைத்து, மண்ணே இல்லாமல் வளர்க்கலாம்.

நடுதலும் முதல் 40 நாட்களும்

மாலை 4 மணிக்கு மேல் நடுங்கள். நடுவதற்கு ஒரு மணி நேரம் முன்பு பைக்கு நீர் விட்டால் மண்கட்டி உடையாது. பையைப் பிளேடால் இருபுறமும் கீறி எடுத்து, அடியில் சுற்றிய வேர் இருந்தால் அதை மட்டும் வெட்டி, பையில் மண் எந்த மட்டத்தில் இருந்ததோ அதே மட்டத்தில் குழியில் வையுங்கள். சுற்றிலும் மண்ணைக் கையால் அழுத்துங்கள், காலால் மிதிக்க வேண்டாம். பூவாளியால் மெதுவாக நீர் வார்த்து, மண் அமுங்கிய இடத்தில் மேலும் மண் இட்டு நிரப்பி, பக்கத்தில் ஒரு குச்சி நட்டுத் தளர்வாகக் கட்டுங்கள். இருக்கும் பூவையும் மொட்டையும் அன்றே கிள்ளிவிடுங்கள். மனம் வராது என்பது எனக்குத் தெரியும்; ஆனால் செடி தன் வலுவை வேருக்குக் கொடுக்க வேண்டிய நாட்கள் அவை.

காய்ந்த இலையோ வைக்கோலோ தேங்காய் நாரோ இரண்டு மூன்று அங்குலம் மூடாக்காகப் பரப்பி, தண்டைச் சுற்றி மூன்று விரற்கடை மட்டும் காலியாக விடுங்கள். முதல் வாரம் தினமும், அடுத்த மூன்று வாரம் ஒருநாள் விட்டு ஒருநாள், பிறகு விரலை மண்ணுக்குள் இரண்டு கணு விட்டுப் பார்த்து ஈரம் இல்லாதபோது மட்டும் நீர் விடுங்கள். ஆழ்துளைக் கிணற்று நீரில் உப்பு ஏறியிருக்கும் வீடுகளில் பாத்தியின் மேல் வெண்மையாகப் பொரிந்து நிற்கும். அங்கே சிறிது சிறிதாகத் தினமும் விடுவதை விட்டு, இடைவெளி கொடுத்து ஆழமாக விட்டால் உப்பு வேருக்குக் கீழே இறங்கும். முதல் 40 நாட்கள் எந்த ரசாயன உரமும் வேண்டாம்.

வெயில் படாமலிருக்கச் செடியைச் சுற்றித் தென்னங்கீற்றைச் சாய்த்து நட்டிருப்பீர்கள். புதுக்குருத்து இரண்டு விரற்கடை நீண்டு, அதன் முதல் இலை முழுவதும் விரிந்த பிறகு கிழக்கு, வடக்குப் பக்கத்துக் கீற்றுகளை எடுத்துவிடலாம். தெற்குப் பக்கத்தை ஒரு வாரம் கழித்து எடுங்கள். மேற்குப் பக்கத்துக் கீற்றை மட்டும், அது காய்ந்து தானே உதிரும் வரை, அப்படியே விட்டுவையுங்கள்.